வூரிகோஸ்கியில் மூன்று தரம் கேட்பார்கள்

அட்டை ஆலை மியூசியமாகத் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஐலியின் சமையலறைக்குள் ஒரு பஸ் கூட்டம் நுழைந்துவிட்டது. தப்பு அவர்கள் பேரில் இல்லை. மரம் அரைக்கிற கூடத்தைப் பார்த்தார்கள், அட்டை உலர்த்துகிற கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள், எல்லாக் கதவும் திறந்தே கிடந்தது. அடுத்தாற்போல் அதே செங்காவி பூசிய பலகைச் சுவர், அதே வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல், அதே மாதிரி திறந்து கிடந்த கதவு. உள்ளே அடுப்பு எரிகிறது, மேஜையில் ரை தானிய மாவு கொட்டிக் கிடக்கிறது, தலையில் துணி கட்டிய அம்மாள் ஒருத்தி மாவு தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இதையும் மியூசியத்துக்காரர்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காமல் வேறு என்னதான் நினைப்பார்கள்?

ஐலியோ வந்தவர்களை விருந்தாளிகள் என்றே நினைத்தாள். வூரிகோஸ்கியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. உள்ளே வந்து, வாசலோரத்து பெஞ்சில் உட்கார்ந்து, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள். வீட்டுக்காரி காப்பி வைப்பாள். "மேஜைக்கு வாங்க" என்பாள். "ஐயோ, இப்பத்தான் குடிச்சிட்டு வர்றோம்" என்பார்கள். மறுபடி கூப்பிடுவாள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்கள். முதல் தரத்திலேயே எழுந்து வருகிறவனைச் சோற்றுக்கு அலைகிறவன் என்று ஊர் சொல்லும். இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொள்கிற வீட்டைப் பிசினாரி வீடு என்று சொல்லும். வந்த பஸ்ஸோ பக்கத்து ஜில்லாவின் பண்ணைப் பெண்கள் சங்கம். அவர்கள் ஊரிலும் இதே மரியாதைதான். ஒருத்திக்கு மூன்று தரம் என்றால் ஒரு பஸ்ஸுக்கு எத்தனை தரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஐலிக்குத் தொண்டை கட்டிவிட்டது. டிரைவர் வெளியே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவனும் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கெல்லாம் எதுக்குங்க" என்று ஆரம்பித்தான்.

அப்போதுதான் உல்லா ஓடி வந்தாள். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ள ஆலைக் கம்பெனி வேலைக்கு வைத்த பெண். மேற்குக் கடற்கரைப் பட்டணத்தில் படித்தவள், முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, பழைய மேனேஜர் பங்களாவில் தனியாக இருந்தாள்.

"ஐலியம்மா! என்ன இது, அத்தனை பேருக்குமா காப்பி குடுத்தீங்க?"

"வீடு தேடி வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா? உக்காரு. நீயும் ஒரு கப்பு குடி."

"குடுங்க" என்றாள் உல்லா. அவள் அப்படித்தான். முதல் தரத்திலேயே கை நீட்டி வாங்கிக்கொள்வாள், ஏலக்காய் பன்னையும் தானே எடுத்துக்கொள்வாள். பண்ணைப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஐலிக்கு அவள் மேல் கோபம் வந்ததே இல்லை. பாவம், தாய் தகப்பனை விட்டுவிட்டுத் தனியாகக் கிடக்கிற பெண், பசி என்றுதான் நினைத்தாள். இன்னொரு பன்னை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

பஸ் போன பிறகு ஐலியின் புருஷன் எவெர்ட்டி பின்கட்டிலிருந்து வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"எனக்கு?"

"போச்சு. சட்டியில அடிமண்டிதான் இருக்கு."

"காப்பிக்கொட்டை வறுத்தவன் நான்" என்றார். அத்தோடு சரி, போய் விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வார்த்தை என்று யாரோ அளந்து விட்டிருந்தது போலத்தான் பேச்சு.

ஐலி இந்த ஊர்க்காரி இல்லை. கிழக்கே எல்லையோரத்துக் கரேலியாக்காரி. போர் முடிந்த வருஷம் நாட்டின் எல்லை இந்தப் பக்கம் தள்ளி வந்ததில் வீடு, வயல், சர்ச்சு, தகப்பன் புதைந்த மண் எல்லாம் அந்நிய நாட்டுக்குப் போய்விட, அம்மாவையும் ஒரு பசுவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தவள். ஆலைக்குப் பக்கத்தில் இருந்த இந்த வீட்டில்தான் அவர்களைக் கொண்டுவந்து ஒண்ட வைத்தார்கள். அது, உலர்த்தும் கட்டடத்தில் அடுப்பெரிக்கிற எவெர்ட்டிக்குக் கம்பெனி கொடுத்திருந்த வீடு. ஐலிக்கும் அந்தக் கட்டடத்திலேயே வேலை கிடைத்தது. அரைத்த மரக்கூழ் ஈர அட்டையாக மேலே வரும். பெண்கள் அதைத் தாள் தாளாக எடுத்துக் கம்பியில் மாட்ட வேண்டும். கீழே எவெர்ட்டி பிர்ச் விறகைப் போட்டு எரிக்க எரிக்க மேலே மாடி கொதிக்கும். வெளியே ஆறு உறைந்து கிடக்கிற மாசத்திலும் உள்ளே உள்பாவாடையோடு நின்று வேலை செய்வார்கள். "நரகத்துக்கு விறகு போடறவனையே கட்டிக்கிட்டா" என்று தோழிகள் பிறகு கேலி செய்தார்கள். எவெர்ட்டி கல்யாணத்துக்கு அப்புறம் ஐலிக்காகச் சமையலறையில் ஒரு பெரிய அடுப்பு கட்டினார். கரேலியாவில் ரொட்டியும் பணியாரமும் சுடுகிற மாதிரி, வயிறு பெருத்த செங்கல் அடுப்பு. குழந்தைகள் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்தாள். ஆலை நின்றது. வேலை செய்தவர்கள் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று கம்பெனி விட்டுவிட்டது. எட்டு வருஷம் அப்படியே ஓடியது.

அதற்குள் எவெர்ட்டியின் நெஞ்சு கெட்டுவிட்டது. புகையும் அட்டைத் தூசியும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டன. சமதரையில் நடப்பார், விறகு பிளப்பார், மேடு என்றால் மூச்சு விசிலடிக்கும்.

பஸ் வந்து போன நாலைந்து நாளில் உல்லா வந்தாள். லுப்பின் பூ ஊதாவாகப் பூத்திருந்த சமயம், கொசுவும் அதே அளவு. எவெர்ட்டி மீன் பிடிக்கப் போயிருந்தார். உல்லா காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஐலியம்மா, இந்த வீடும் மியூசியத்தோட சேரணும்னு கம்பெனி சொல்லுது. பழைய காலத் தொழிலாளி வீடு எப்படி இருந்துச்சுன்னு காட்டறதுக்கு. உங்களுக்கு டவுன்ல ஒரு ஃபிளாட் குடுக்கறாங்க. புதுசு. ரேடியேட்டர் இருக்கு."

ஐலி மேஜையில் கிடந்த மாவைக் கையால் கூட்டினாள். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"ஆனா இன்னொரு வழியும் இருக்கு" என்றாள் உல்லா. "குளிர்காலத்துல இங்க ஒரு ஆள் வேணும். ஈரம் ஏறாம அடுப்பு மூட்டணும், கூரையில பனி தள்ளணும், மதகுல ஐஸ் அடைக்குதான்னு பார்க்கணும். நீங்க ரெண்டு பேரும் காவலா இங்கேயே இருக்கீங்களா? நான் பேசி ஏற்பாடு பண்றேன்."

ஐலியின் நெஞ்சுக்குள் பால் பொங்கியது. வாய் மட்டும் பழகிய வழியில் போயிற்று.

"ஐயோ, எங்களுக்காக நீ எதுக்கும்மா மெனக்கெடறே. நாங்க எங்கியாவது போய் இருந்துக்குவோம். நாங்கல்லாம் உங்களுக்குப் பாரம்தான்."

சொல்லிவிட்டு உல்லாவுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள், இரண்டாம் தரம் கேட்பதற்கு இடம் கொடுத்து. உல்லா தலையை ஆட்டினாள். "புரியுது" என்றாள் மெல்ல. பிறகு மழை வருமா என்று கேட்டாள். வரும் என்றாள் ஐலி. கப்பைக் கழுவி வைத்துவிட்டு உல்லா போய்விட்டாள்.

சரி, நல்ல வளர்ப்புள்ள பெண், ஒரே மூச்சில் மூன்று தரம் கேட்டு நெருக்கவில்லை, இன்னொரு நாள் வருவாள் என்று ஐலி நினைத்தாள். முடிவாகாத விஷயத்தை எவெர்ட்டியிடம் சொல்லி எதற்கு அவர் நெஞ்சைப் படபடக்க வைப்பது என்று வாயைத் திறக்கவில்லை. தினமும் கூடுதலாக ஒரு தட்டு பணியாரம் சுட்டு வைத்தாள். உல்லா வழியில் பார்த்தாள், கை ஆட்டினாள், வரவில்லை.

வந்தவன் பௌலி. கம்பெனி ஆசாரி. ஜூலை மழையில் நனைந்துகொண்டு டேப்பும் பென்சிலுமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றைக்கு எவெர்ட்டி வீட்டில் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டாய்மியும் இருந்தாள். டாய்மி ஆலையில் அட்டை தரம் பிரித்தவள், ஐலியோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், நாக்கு கொஞ்சம் நீளம். ஐலி பௌலியை மூன்று தரம் கூப்பிட்டு, அவன் இரண்டு தரம் மறுத்து, காப்பியைச் சாஸரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"அடுப்ப அளக்கணும். இடிக்கச் சொல்லியிருக்காங்க."

"எந்த அடுப்ப?" என்றார் எவெர்ட்டி.

"இதத்தான் மாமா. பழைய காலத்துல இது கிடையாதாமே, நீங்க பிற்பாடு கட்டினதாமே. நீங்க ஃபிளாட்டுக்குப் போனப்புறம் வீட்ட ஆதி காலத்துல இருந்தாப்புல ஆக்கணுமாம்."

"நாங்க எங்க போறோம்?"

பௌலி சாஸரைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியாதா? இங்கேயே காவலுக்கு இருக்கீங்களான்னு மியூசியத்தம்மா கேட்டுச்சாம். அக்கா வேண்டாம்னுட்டாங்களாம்."

எவெர்ட்டி ஐலியைப் பார்த்தார். "கேட்டாளா?"

"ஒரு தரம்."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்வாங்க? எதுக்கு மெனக்கெடறேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ கேக்கவே இல்ல."

எவெர்ட்டி கொஞ்சம் யோசித்தார். "சரியாத்தான சொல்லியிருக்கே" என்றார். பௌலியும் ஆமாம் என்று தலையாட்டினான். மூன்று பேரும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து டாய்மிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அட கூறுகெட்டவங்களா! அந்தப் பொண்ணு மேற்குக் கரைக்காரி. அங்க ஒரு தரம்தான். வேண்டாம்னா வேண்டாம்தான்."

"ஒரு தரம்தானா?" என்றான் பௌலி. "அப்ப அங்க விருந்துக்குப் போனா பட்டினியா திரும்ப வேண்டியதுதானா?"

"அவங்க மொத தரமே வாங்கித் தின்னுட்டுப் போயிடுவாங்க. நீ இந்தக் காப்பியக் குடிச்சிட்டு அளக்காம கெளம்பு."

"அளக்கலேன்னா என்னக் கேப்பாங்களே."

"அடுப்பு சூடா இருந்துச்சு, கைய வைக்க முடியலைன்னு சொல்லு. பொய்யில்ல, வேணும்னா வெச்சுப் பாரு."

பௌலி அளக்காமலே போனான். எவெர்ட்டி எழுந்து போய் அடுப்பின் ஓரத்தைத் தடவினார். "உலர்த்தற கட்டடத்து பழைய புகைபோக்கிச் செங்கல்லு" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். அவருக்கு அன்றைய அளவு முடிந்துவிட்டது.

மறுநாள் ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ்ஸில் போனார்கள். நல்ல வீடுதான், பொய் சொல்லக்கூடாது. குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது, ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர். ஆனால் மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. முதல் திருப்பத்தில் எவெர்ட்டி நின்றார். இரண்டாம் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே ஏறி வந்த ஒரு சின்னப் பெண் அவரைத் தாண்டிப் போக வழியில்லாமல் ரொட்டிப் பையோடு நின்றாள்.

"ரேடியேட்டர் நல்லாருக்கும் போல" என்றார் மூச்சு திரும்பியதும். "ஏறிட்டா எறங்க வேண்டியதில்ல. மேலயே இருந்துக்கலாம்."

ஐலிக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேலேயே இருந்துகொள்வதாம். ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றங்கரையில் விறகு போட்ட மனுஷன், மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கார் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு செத்துப் போவது. எல்லாம் தன் வாயால் வந்தது.

சாயங்காலம் டாய்மி வந்தாள். இருவரும் திராட்சைக்கொத்து மாதிரி காய்த்திருந்த கருப்பு கரண்ட் என்கிற புதரில் பழம் பறித்துக்கொண்டு பேசினார்கள்.

"போய்க் கேட்டுட்டு வாயேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நானா? நான் போய்க் கேக்கறதா?"

"ஆமா, நீதான். வேணும்னு சொல்லு. ஒரு வார்த்த."

"முடியாதுடி."

"ஏன் முடியாது?"

ஐலி வாளியைக் கீழே வைத்தாள். "நாங்க ரயில்ல வந்து எறங்கினோம்ல. ஸ்கூல்ல வெச்சிருந்தாங்க. பண்ணைக்காரிங்க வந்து ஆள் ஆளா பாத்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஒருத்தி சூப்பு கொண்டுவந்தா. எங்கம்மாவுக்கு ரெண்டு நாளா சாப்பாடில்ல. குடுங்கன்னு கைய நீட்டிட்டா, மொத தரத்துலயே. அந்தப் பொம்பள பக்கத்துல இருந்தவ கிட்டச் சொல்றா, 'பாத்தியா, வேண்டாம்னு சொல்லவே தெரியல இதுங்களுக்கு. விட்டா மேஜையையும் தின்னுடும்'னு. எங்கம்மா காதுல விழுந்துச்சு. கரண்டிய வெச்சுட்டா. அப்புறம் எடுக்கவே இல்ல."

டாய்மி பழத்தைப் பறிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அன்னியிலேர்ந்து நான் எதையும் மொத தரம் வாங்கினதில்ல. கேட்டதும் இல்ல. இந்த ஊரு எனக்குச் சோறு போட்டுச்சு, வேல குடுத்துச்சு, எங்கம்மாவ அடக்கம் பண்ண மண்ணு குடுத்துச்சு. நான் குறை சொல்லல. ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள கும்புடறேன். ஆனா கேக்க மாட்டேன். கேக்காதவன்னு பேரு எடுத்துருக்கேன்."

"நல்ல பேரு" என்றாள் டாய்மி. "அந்தப் பேர வெச்சுக்கிட்டு உன் புருஷன மூணு மாடி ஏத்து."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று டாய்மிக்கே தெரிந்திருக்கும். ஐலியின் வாளியையும் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐலி போகாவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று எவெர்ட்டி கிளம்பினார். மறுநாள் காலை சவரம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, பிடித்த மீனில் நல்லதாக நாலை இலையில் சுற்றிக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனார். ஐலி ஜன்னலில் நின்றே காத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ என்ன கேட்டே?"

"எப்படிக் கேக்கறது? காப்பியே தரல."

"காப்பி தரலியா! உல்லாவா?"

"காப்பி சாப்பிடறீங்களான்னா. இப்பத்தான் குடிச்சேன்னேன். சரின்னு உக்காந்துட்டா."

"அப்புறம்?"

"நானும் உக்காந்தேன். மீன் நல்லாருக்குன்னா. ஆமான்னேன். கடியாரத்த ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம். காப்பி குடிக்காம எப்படிம்மா ஒரு காரியத்த ஆரம்பிக்கிறது? எந்திரிச்சு வந்துட்டேன்."

ஐலிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் முந்திக்கொண்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இருமினார். பங்களாவுக்குப் போகிற வழி லேசான மேடு. அந்த மேட்டுக்கே இப்படி. ஐலி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கையின் அடியில் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. பிறகு ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"எங்க?"

"வர்றேன்" என்றாள்.

கையில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒன்றே இந்த ஊரில் பெரிய விஷயம். வெறுங்கையோடு, பகலில், பாதையின் நடுவே நடந்து போனாள். அரவைக்கூடத்து வாசலில் யாரோ வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதகுத் தண்ணீர் இரைச்சலில் தன் நெஞ்சு அடிப்பது கேட்கவில்லை என்பது மட்டும் நல்லதாயிற்று. திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு வேலிக்கம்பத்துக்கும் நினைத்தாள்.

பங்களாவுக்குள் நுழைந்ததும் உல்லா எழுந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜலதோஷமோ என்று ஐலி நினைத்தாள்.

"வாங்க ஐலியம்மா. காப்பி சாப்பிடறீங்களா?"

நாக்கு நுனியில் அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது. ஐலி அதை விழுங்கினாள்.

"குடு" என்றாள்.

உல்லா ஊற்றினாள். ஐலி கப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். தண்ணியாக இருந்தது, இந்தப் பெண்ணுக்குக் காப்பி போடத் தெரியாது.

"நீ அன்னிக்குக் கேட்டேல்ல. இங்கேயே இருக்கீங்களான்னு."

"ஆமா. நீங்க வேண்டாம்னீங்க."

"வேண்டாம்னு சொன்னேன். வேணும். எனக்கு அந்த வீடு வேணும். எவெர்ட்டிக்குப் படி ஏற முடியாது. என்ன ஒரு தடவ எடம் மாத்தியாச்சு, இன்னொரு தடவ என்னால முடியாது. குளிர்காலம் பூரா நாங்க பாத்துக்கறோம், அடுப்பு மூட்டறோம், பனி தள்ளறோம், நான் தள்ளறேன். அடுப்ப மட்டும் இடிச்சுடாதீங்க. அது ஆதி காலத்து அடுப்பில்லதான். ஆனா எனக்காகக் கட்டினது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இதக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். "கேக்கத்தான்."

உல்லா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஐலிக்குத் திக்கென்றது. கேட்டிருக்கக்கூடாது, போச்சு, மேஜையையும் தின்கிற ஜாதி என்று இவளும் நினைத்துவிட்டாள்.

"அழறியா? ஏம்மா, நான் என்ன..."

"நீங்க வேண்டாம்னதும், என்னோட இருக்கப் பிடிக்கலை போலன்னு நெனச்சேன்" என்றாள் உல்லா. "நான் வந்து எல்லாத்தையும் மாத்தறேன்னு உங்களுக்கெல்லாம் கோபம்னு நெனச்சேன். வற்புறுத்தினா மரியாதையில்லன்னு விட்டுட்டேன். காலையில எவெர்ட்டி ஐயா வந்தார். சொல்லிட்டுப் போறதுக்கு வந்திருக்கார்னு நெனச்சேன். அவர் ஒண்ணும் பேசல, எனக்கும் வாய் வரல. வரப் போற பனிக்காலத்துல இவ்வளவு பெரிய எடத்துல நான் தனியா எப்படி இருக்கப் போறேன்னு... ஐலியம்மா, எனக்கு ஒரு அடுப்பு மூட்டக்கூட சரியாத் தெரியாது." மூக்கை உறிஞ்சினாள். "கம்பெனிக்கு நான் இன்னிக்கே ஃபோன் பண்றேன். அந்த அடுப்ப யாரும் தொட மாட்டாங்க. அகதியா வந்தவங்க வீட்டுல கரேலியா அடுப்பு இருந்துச்சுங்கறதும் இந்த ஊர் கதைதான? நீங்க வந்து கேட்டீங்களே. நன்றி. கேட்டதுக்கு ரொம்ப நன்றி."

ஐலி கப்பைச் சாஸரில் வைத்தாள். கொடுத்தால் நன்றி சொல்வார்கள். கேட்டதற்குக்கூட ஒருத்தி நன்றி சொல்வாள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் யாரும் சொன்னதில்லை.

"சரி, சரி, மூக்கத் தொடச்சுக்க" என்றாள். "அடுப்பு மூட்டறதெல்லாம் எவெர்ட்டி பாத்துக்குவான். நீ மொதல்ல காப்பி போடக் கத்துக்க."

வீட்டுக்கு வந்தபோது எவெர்ட்டி வாசலில் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மழைக்குப் பிறகு வெயில் அடித்து உருளைக்கிழங்குப் பாத்தி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கலாமாம்" என்றாள் ஐலி. "அடுப்பும் இருக்குமாம்."

எவெர்ட்டி ஆற்றைப் பார்த்தார். "எத்தன தரம் கேட்டா?"

"அவ எங்க கேட்டா? நான் கேட்டேன். வேணும்னேன்."

"வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. ஆனா மனசுல வேணும்தான, மொத நாளே வேணும்தான. வாய்தான் வேண்டாம்னுச்சு." அவர் பக்கத்தில் கட்டையில் உட்கார்ந்தாள். "எனக்கு எப்பவும் அப்படித்தான். வேணுங்கறது எதுவோ அதுக்குத்தான் மொதல்ல வேண்டாம்னு வரும்."

எவெர்ட்டி அவள் பக்கம் திரும்பினார். அன்றைய அளவைத் தாண்டிப் பேசப் போகிறார் என்று அவர் தொண்டையைச் செருமிய விதத்திலேயே தெரிந்தது.

"ஐலி. அந்த உலர்த்தற மாடிப் படியில வெச்சு கேட்டேனே. கட்டிக்கறியான்னு. மொத தரம்."

"கேட்டே."

"வேண்டாம்னே."

"அகதியக் கட்டி எதுக்கு அல்லல்படறேன்னு சொன்னேன்."

"நான் போயிட்டேன். ஒரு வருஷம் வாயத் தொறக்கல. அப்புறம் உங்களையெல்லாம் வடக்க வேற ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. டாய்மி வந்து இன்னொரு தரம் கேளுடான்னு தள்ளினா. கேட்டேன். சரின்னே."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"வீட்டுக்காகத்தான் நீ ஒத்துக்கிட்டேன்னு நெனச்சேன்."

ஐலிக்கு முதலில் புரியவில்லை. "எப்ப நெனச்சே?"

"எப்பவும்தான்" என்றார் எவெர்ட்டி. "போக எடமில்ல, அதனால சரின்னுட்டா, பரவாயில்ல, நாம நல்லா வெச்சுக்குவோம்னு நெனச்சுக்கிட்டேன்."

ஐலி அவரைப் பார்த்தாள். ஒவ்வொரு குளிர்காலக் காலையிலும் அவள் எழுவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி வைத்த மனுஷன். ஒரு தடவையாவது சோறு சரியில்லை என்று சொல்லாத மனுஷன். தன் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவன் மாதிரி இத்தனை வருஷமும் அடங்கி இருந்திருக்கிறான். அவள் அதை அவனுடைய சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

"அட பைத்தியக்காரா" என்றாள். குரல் உடைந்தது. "அந்த ஒரு வருஷம் பூரா வேல முடிஞ்சு அந்தப் படியிலேயே நின்னேனே நான். இன்னிக்குக் கேப்பான், இன்னிக்குக் கேப்பான்னு."

"கால் வலிக்குதுன்னு நிக்கறேன்னு நெனச்சேன்."

"கால் வலிச்சா படியில எவ நிப்பா?"

"அப்ப வீட்டுக்காக இல்ல."

"உனக்காகத்தான்டா. மொத நாளே உனக்காகத்தான். வீடு அப்ப ஒழுகிக்கிட்டுல்ல கெடந்துச்சு."

எவெர்ட்டி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமலா என்று பயந்து பார்த்தாள், இருமல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பிக்குள்ளிருந்து, "நன்றி, ஐலி" என்று சத்தம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொல்லாத வார்த்தை.

எதுக்கு அதெல்லாம் என்று சொல்ல ஐலி வாயெடுத்தாள். சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள்.